விடுமுறையில் வெள்ளச் சீரமைப்புப் பணிக்குப் போகும் கல்லூரி மாணவர்களுக்கு: முழுமையான வழிகாட்டி

செமஸ்டர் தேர்வு முடிந்த மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு வெள்ளம் பாதித்த ஊருக்குக் கிளம்பும் மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிக் கிளம்பியவன்தான். மூன்று விடுமுறைகள் இந்த வேலை செய்தேன். கடைசி முறை, புதிதாக வந்த பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அவர்கள் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. தடுமாறியதெல்லாம் வரிசையில்தான். முதலில் செய்ய வேண்டியதை மூன்றாவதாகச் செய்வார்கள். கேட்டுவிட்டுத் தொட வேண்டியதைத் தொட்டுவிட்டுக் கேட்பார்கள்.

அதனால் இதை வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். வெள்ளம் புகுந்த வீட்டைச் சுத்தம் செய்வதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அனுபவமில்லாத மாணவர்களிடம் பெரும்பாலும் ஒப்படைக்கப்படும் வேலை அதுதான். புயல் பாதித்த வீடுகளுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும். நிலநடுக்கத்தில் விரிசல் விட்ட கட்டடம் வேறு சங்கதி. பயிற்சி இல்லாமல் அதற்குள் போகாதீர்கள்.

1. எப்போது போவது, யார் மூலம் போவது

தண்ணீர் இன்னும் வடியாத நாட்களில் போகாதீர்கள். அது மீட்புக் குழுக்களின் நேரம். சாலை குறுகலாக இருக்கும், குடிநீர் எண்ணி எண்ணிக் கொடுக்கப்படும். அங்கே தானாக வந்து சேரும் ஒவ்வொருவரும் இன்னொரு வாய், இன்னொரு படுக்கை. தண்ணீர் வடிந்து, வீட்டுக்காரர்கள் திரும்பி வரத் தொடங்கிய பிறகுதான் மாணவர்களின் கை உண்மையில் தேவைப்படும்.

உங்கள் விடுமுறை வெள்ளம் வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் வருகிறதா? கவலைப்படாதீர்கள். முதல் இரண்டு வாரம் ஆட்கள் குவிவார்கள். செய்தி ஓய்ந்ததும் கூட்டமும் ஓய்ந்துவிடும். வீடுகளோ அப்படியே இருக்கும். இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் வரும் ஐந்து பேர், முதல் வாரத்தில் வந்த ஐம்பது பேரைவிட அதிகம் உதவியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தனியாகவோ நண்பர்கள் நாலு பேராகவோ நேரே போய் இறங்காதீர்கள். ஏற்கெனவே அங்கே வேலை செய்துகொண்டிருக்கும் ஓர் அமைப்பில் பெயர் பதியுங்கள். எந்த வீட்டுக்கு ஆள் போயிற்று, எதற்குப் போகவில்லை என்ற பட்டியல் அவர்களிடம்தான் இருக்கும். பட்டியல் இல்லாமல் போனால் சாலையோரத்து வீடுகளுக்கு மூன்று குழுக்கள் போகும், உள்ளே தள்ளி இருக்கும் வீட்டுக்கு யாருமே போக மாட்டார்கள்.

பதியும்போது இவற்றைக் கேளுங்கள்: தங்குவது எங்கே? குடிநீரும் சாப்பாடும் யார் பொறுப்பு? அடிபட்டால் எந்த மருத்துவமனை, செலவு யாருடையது? என்ன வேலை கொடுப்பீர்கள்? அங்கே எங்களுக்குப் பொறுப்பாளர் யார்? இவற்றுக்குத் தெளிவான பதில் வராத அமைப்போடு போகாதீர்கள். ஒருமுறை எங்களுக்கு “வாங்க, பார்த்துக்கலாம்” என்று மட்டும் பதில் வந்தது. போய்ச் சேர்ந்த இரவு, பாதிக்கப்பட்ட குடும்பங்கள் தங்கியிருந்த கூடத்தில் அவர்களுடைய பாயில் படுக்க வேண்டிய நிலை வந்தது. உதவப் போனவர்கள் அவர்களுடைய இடத்தைப் பிடித்துக்கொண்டோம்.

2. இரண்டு வாரம் முன்பே: உடம்பு

டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஊக்கத் தவணை தேவை. சேற்றில் ஆணி குத்தினால், கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டியவர்களுக்கே மருத்துவர் மறுபடி போடுவார். ஊசி போட்டு உடலில் எதிர்ப்பு உருவாகச் சில நாட்கள் ஆகும். கிளம்பும் அன்று ஓடிப் போய்ப் போட்டுக்கொள்வதால் பயன் குறைவு.

அடுத்தது எலிக்காய்ச்சல். எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இதன் கிருமி இருக்கும். தோலில் உள்ள கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உள்ளே போகும். போகுமிடத்தில் இந்தக் காய்ச்சல் இருந்தால் மருத்துவர் முன்கூட்டியே டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுப்பது உண்டு. அது அவர் முடிவு. நண்பன் கொடுத்தான் என்று விழுங்காதீர்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள் பூஞ்சை பிடித்த வீட்டுக்குள் வேலை செய்யக் கூடாது. இதை மறைக்காமல் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பொருள் கணக்கு எழுதுவது, வீட்டுக்காரர்களுக்கு நிவாரண விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, கருவிகளைக் கழுவி அடுக்குவது என்று வெளியே செய்ய வேண்டிய வேலை எப்போதும் ஆளில்லாமல் கிடக்கிறது.

3. பையில் என்ன இருக்க வேண்டும்

முதலில் கால். முழங்கால் அருகே வரும் ரப்பர் பூட்ஸ், அதற்குள் ஆணி ஏறாத தகடு. சேற்றுக்கு அடியில் ஆணியடித்த பலகை எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டு வந்தவரை நான் உள்ளே விட்டதில்லை.

கைக்கு இரண்டு அடுக்கு. உள்ளே நைட்ரைல் கையுறை, வெளியே தடித்த தோல் கையுறை. தோல் கையுறை கிழியாமல் காக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் தோலில் படாமல் தடுப்பதற்குத்தான் உள்ளே ஒன்று.

முகத்துக்கு என்95 முகக்கவசம். துணிக்கவசம் பூஞ்சைத் தூளைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டி இருந்தால்தான் என்95 வேலை செய்யும். தாடி இருந்தால் இடைவெளி விழும், அதனால் அந்த நாட்களுக்கு மழித்துவிடுவது நல்லது. கண்ணுக்குப் பக்கவாட்டும் மூடிய கண்ணாடி. பிளீச் கரைசல் தெறிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

முழுக்கை சட்டை, தடித்த முழுக்கால்சட்டை, வேலைக்கென்று இரண்டு ஜோடி. வேலைத்துணியோடு படுக்கும் இடத்துக்குள் போகக் கூடாது, அதனால் மாற்றுத்துணி தனிப் பையில் இருக்கட்டும். தண்ணீர் பாட்டில், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், சோப்பு, டார்ச், பவர் பேங்க், வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, அடையாள அட்டையின் நகல். அப்புறம் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும். ஈரக்காகிதத்தில் பேனா எழுதாது, பென்சில் எழுதும்.

வீட்டில் கிடக்கும் பழைய துணி மூட்டையைக் கூடவே கொண்டு வராதீர்கள். கேட்காமல் வந்த துணியைப் பிரிக்கவும் அடுக்கவும் ஆள் போட வேண்டியிருக்கும். அதே ஆள் ஒரு வீட்டைச் சுத்தம் செய்திருக்கலாம்.

4. வாசலில்: முதல் அரைமணி நேரம்

புதியவர்கள் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். கையில் மண்வெட்டி இருக்கிறது, உள்ளே சேறு இருக்கிறது, உடனே தொடங்கத் துடிப்பார்கள். தொடங்காதீர்கள். முதலில் வீட்டுக்காரரோடு உட்காருங்கள்.

உங்கள் பெயர், எந்த அமைப்பு, எத்தனை நாள் இருப்பீர்கள் என்று சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்விகள்: “நாங்கள் முதலில் எதைத் தேட வேண்டும்?”, “எதைத் தொடவே கூடாது?”, “எதையாவது தூக்கிப் போடுவதற்கு முன் யாரிடம் கேட்க வேண்டும்?”. முதல் கேள்விக்கு வரும் பதில் எப்போதும் வியப்பாகவே இருக்கும். பத்திரம், நகை என்று எதிர்பார்ப்பீர்கள். அவரோ இறந்துபோன கணவரின் மூக்குக்கண்ணாடியைக் கேட்பார்.

பேச்சு நீண்டால் நீளட்டும். ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, மற்றவர்கள் கருவிகளை இறக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்றே சொல்லில் இதைச் சொல்கிறது: பார், கேள், இணை. யார் தவிக்கிறார் என்று கவனிப்பது, அவர் பேசுவதைக் கேட்பது, அவருக்குத் தேவையானதைத் தரக்கூடியவர்களிடம் சேர்த்துவிடுவது. பேசச் சொல்லி வற்புறுத்துவது இதில் இல்லை.

“உயிராவது மிஞ்சியதே”, “எல்லாம் சரியாகிவிடும்” போன்ற சொற்களைத் தவிருங்கள். ஆறுதலாக நினைத்துத்தான் சொல்வோம். கேட்பவருக்கோ அவருடைய இழப்பைச் சின்னதாக்குவது போல இருக்கும். “அரசு நிச்சயம் பணம் கொடுக்கும்”, “நாளைக்குக் கட்டில் கொண்டு வருகிறோம்” என்று உங்கள் கையில் இல்லாததை வாக்குக் கொடுப்பது அதைவிட மோசம். நீங்கள் போய்விடுவீர்கள், அவர்கள் அந்தக் கட்டிலுக்காகக் காத்திருப்பார்கள்.

5. உள்ளே கால் வைக்கும் முன்

இதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் ஒன்றைக்கூட விடக் கூடாது.

வீட்டை வெளியே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சுவர் சாய்ந்திருக்கிறதா, அடித்தளத்தின் கீழே மண் அரித்திருக்கிறதா, கூரை தொய்ந்திருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் உள்ளே போகக் கூடாது, பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

எரிவாயு வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல், தீக்குச்சி கிழிக்காமல் விலகி வாருங்கள். மின்சாரம் மெயினிலேயே நின்றிருக்க வேண்டும். “ஊரிலேயே கரன்ட் இல்லையே” என்ற பதிலை ஏற்காதீர்கள். நீங்கள் உள்ளே இருக்கும்போது வரலாம். மெயின் சுவிட்சை அணைக்கத் தண்ணீரில் நின்றாக வேண்டும் என்றால் அது உங்கள் வேலை இல்லை, மின்வாரிய ஆள் வரட்டும்.

நிலத்தடி அறையில் தண்ணீர் நின்றால் ஒரே மூச்சில் இறைத்துவிடாதீர்கள். வெளியே மண்ணும் நீரில் ஊறிச் சுவரை அழுத்திக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர்தான் அதற்கு எதிராக முட்டுக் கொடுக்கிறது. ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில் இறைக்க வேண்டும். அவசரப்பட்டால் சுவர் உள்பக்கமாக இடிந்து விழும்.

கதவைத் திறந்ததும் ஜன்னல்களையும் திறந்து அரைமணி நேரம் காற்றாட விடுங்கள். பாம்பும் தேளும் உலர்ந்த மேடு தேடி அலமாரிக்குள்ளும் துணிக்குவியலுக்குள்ளும் போயிருக்கும். எதையும் முதலில் நீண்ட கம்பால் தட்டி, பிறகு கையால் தூக்குங்கள்.

6. படம் எடுத்த பிறகே பொருளை நகர்த்துவது

நிவாரணமோ காப்பீடோ கேட்கும்போது அந்தக் குடும்பத்திடம் சான்று இருக்க வேண்டும். சுத்தம் செய்துவிட்ட வீட்டில் சான்று இல்லை. எனவே ஒரு மண்வெட்டிச் சேறு எடுப்பதற்கு முன், ஒவ்வோர் அறையையும் நான்கு மூலையில் இருந்தும் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். அதன் பக்கத்தில் அளவு நாடாவை வைத்து ஒரு படம். குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் போன்றவற்றின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண் தெரிய ஒரு படம்.

படத்தை வீட்டுக்காரருடைய கைபேசியில் எடுங்கள். அது நனைந்து போயிருந்தால் உங்களுடையதில் எடுத்து, அன்றே அவருக்கோ அவர் சொல்லும் உறவினருக்கோ அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள். அழுதுகொண்டிருக்கும் ஒருவரையோ சேறாகிக் கிடக்கும் அவருடைய படுக்கையறையையோ உங்கள் பக்கத்தில் பதிவிட அவர் அனுமதி கொடுக்கவில்லை.

7. பொருட்களை வெளியே எடுப்பது

ஈரமான பொருள் உள்ளே இருக்கும்வரை வீடு காயாது. பூஞ்சை முளைக்க 24 முதல் 48 மணி நேரம் போதும். அதனால் சேற்றுக்கு முன் பொருள்.

வெளியே மூன்று இடம் குறித்துக்கொள்ளுங்கள்: வைத்துக்கொள்வது, கேட்க வேண்டியது, போட வேண்டியது. நடுவில் உள்ள “கேட்க வேண்டியது” குவியல்தான் முக்கியம். சந்தேகம் வந்தால் அங்கே போகட்டும். மூன்றாவது குவியலுக்கு எதுவும் வீட்டுக்காரர் பார்க்காமல் போகக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் குழுவில் ஒரு மாணவர், உப்பிப் பிளந்து பாசி நிறமாகிக் கிடந்த ஓர் ஆல்பத்தை நல்ல எண்ணத்தோடு குப்பைக் குவியலில் போட்டுவிட்டார். அந்த வீட்டுப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. குவியலருகே போய்க் குனிந்து, அதை எடுத்து, முந்தானையால் ஓர் ஓரத்தைத் துடைத்தார். சேற்றுக்குக் கீழே ஒரு குழந்தையின் கால் மட்டும் தெரிந்தது, கொலுசோடு. “இது ஒண்ணுதான் தம்பி அவ படம்” என்றார். அந்த மாணவர் அன்று மதியம் முழுவதும் அந்த ஆல்பத்தோடுதான் உட்கார்ந்திருந்தார். ஒன்பது படங்கள் பிழைத்தன, அதில் அதுவும் ஒன்று.

அவர் செய்தது இதுதான், நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். ஈரமாக ஒட்டிய படங்களைப் பிய்க்கக் கூடாது. அகலமான தட்டில் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்தால் அவையாக விலகத் தொடங்கும். படத்தின் முகத்தை விரலால் தேய்க்காமல், ஓரத்தைப் பிடித்துத் தண்ணீரிலேயே ஆட்டிச் சேற்றைப் போக்க வேண்டும். தண்ணீர் கலங்கினால் மாற்ற வேண்டும். பிறகு முகம் மேலே பார்க்க, நிழலில், சுத்தமான துணிமேல் பரப்ப வேண்டும். வெயிலில் வைத்தால் சுருண்டுவிடும். அன்றே முடிக்க நேரமில்லை என்றால், இடையிடையே மெழுகுத்தாள் வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு உறைகுளிரில் (ஃப்ரீசரில்) வைத்துவிடலாம். பல வாரம் கழித்து நிதானமாக எடுத்துப் பிரிக்கலாம். நனைந்த பத்திரங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் இதே உறைகுளிர் வழி பொருந்தும். ஏற்கெனவே காய்ந்து ஒட்டிப்போனவற்றை வலிந்து பிரிக்காமல் அப்படியே ஒப்படைத்துவிடுங்கள்.

எது பிழைக்கும், எது பிழைக்காது? உலோகம், கண்ணாடி, பீங்கான், கெட்டிப் பிளாஸ்டிக், கெட்டி மரம் பெரும்பாலும் கழுவினால் பிழைக்கும். மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த நாற்காலி, அழுத்திச் செய்த மரத்தூள் பலகை பிழைக்காது. கழிவுநீர் கலந்த வெள்ளம் உள்ளே வரை ஊறியிருக்கும், கழுவ முடியாது. வெள்ளம் தொட்ட உணவும் மருந்தும் போக வேண்டியவை, மூடி திறக்கப்படாவிட்டாலும் சரி. அன்றாடம் சாப்பிடும் மருந்து என்றால் பெயரைக் குறித்துக்கொண்டு மருத்துவ முகாமுக்குச் சொல்லிவிடுங்கள்.

குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்குங்கள். கதவை நாடாவால் சுற்றி ஒட்டி, நிற்க வைத்தபடியே வெளியே கொண்டுபோங்கள். வாரக்கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்த பெட்டியை ஒருமுறை திறந்துவிட்டால் அன்று அந்த வீட்டில் யாரும் வேலை செய்ய முடியாது.

போட வேண்டிய குவியலையும் பிரித்து வையுங்கள்: மின்பொருட்கள், பெயின்ட், பூச்சிமருந்து, பேட்டரி, மற்றவை. எல்லாம் ஒன்றாகக் கிடந்தால் அள்ள வரும் வண்டி அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். மின்கம்பிக்குக் கீழேயோ சாக்கடை வாய்மேலோ குவிக்காதீர்கள்.

8. சேறு அள்ளுவது

சேறு ஈரமாக இருக்கும்போதே அள்ளுங்கள். காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும், உடைத்தால் தூள் பறக்கும். ஏற்கெனவே காய்ந்திருந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு உடைக்க வேண்டும்.

வீட்டின் கடைசி அறையில் தொடங்கி வாசலை நோக்கி வாருங்கள். வாசலில் தொடங்கினால் சுத்தம் செய்த இடத்தின் மேலேயே உள்ளறைச் சேற்றைச் சுமந்து வர வேண்டியிருக்கும். இது சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஆனாலும் முதல் நாள் பாதிப் பேர் வாசலில்தான் தொடங்குவார்கள், ஏனென்றால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

பத்து லிட்டர் வாளி நிறைய ஈரச் சேறு 15 கிலோவைத் தாண்டும். பாதி வாளிக்கு மேல் நிரப்பாதீர்கள். சங்கிலியாக நின்று கைமாற்றினால் யாருடைய முதுகும் போகாது. தூக்கும்போது முழங்காலை மடக்குங்கள். முதல் நாள் வீரமாகத் தூக்கிவிட்டு இரண்டாம் நாள் படுத்துவிட்டவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு.

சேற்றைத் தண்ணீர் அடித்துச் சாக்கடைக்குள் தள்ளக் கூடாது. அடைத்துக்கொண்டு அடுத்த மழைக்குத் தெரு முழுக்கத் தண்ணீர் நிற்கும். அள்ளி வெளியே போட்ட பிறகுதான் தண்ணீர்.

வீட்டின் உள்சுவர் ஜிப்சம் பலகையால் ஆனது என்றால், தண்ணீர்க்கோட்டுக்கு மேலே சற்றுத் தள்ளி வெட்டி எடுத்து, உள்ளே வெப்பத்தைத் தடுக்க அடைத்திருக்கும் பஞ்சையும் எடுக்க வேண்டியிருக்கும். ஈரம் கோட்டுக்கு மேலேயும் ஏறியிருக்கும். இதைப் பொறுப்பாளர் கோடு போட்டுக் கொடுத்த பிறகே செய்யுங்கள். பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை உடைப்பது மாணவர்கள் செய்ய வேண்டிய வேலையே இல்லை.

9. கழுவு, கிருமி நீக்கு, காயவை

வரிசை: முதலில் வெறும் தண்ணீர், பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு பிளீச் கரைசல். அழுக்குமேல் பிளீச் ஊற்றினால் அதன் வீரியத்தை அழுக்கே தின்றுவிடும், கிருமி அப்படியே இருக்கும். வாசனை அடிக்கிறதே, வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

தரை, ஓடு போன்ற கெட்டியான பரப்புகளுக்கு 20 லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 250 மில்லி வீட்டு உபயோகப் பிளீச் திரவம் போதும். கண்ணுக்குத் தெரியும் பூஞ்சைக்கு இன்னும் அடர்த்தியாகக் கலக்கலாம், ஆனால் 4 லிட்டருக்கு 250 மில்லிக்கு மேல் போகாதீர்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாளுக்கு அது வலுவிழந்துவிடும்.

பிளீச்சோடு அமோனியா உள்ள கிளீனரையோ கழிப்பறை ஆசிட்டையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுவாயு வரும். ஒரே அறையில் ஒருவர் ஆசிட்டும் இன்னொருவர் பிளீச்சும் பயன்படுத்துவதும் கலப்பதுதான். எங்கள் குழுவில் ஒரு நாளைக்கு ஒரே திரவம், கலக்குபவரும் ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டோம்.

பிறகு காயவைப்பது. இதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை, பொறுப்பது மட்டும்தான். ஜன்னல் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்து, ஈரக்காற்றை வெளியே தள்ள வேண்டும். சுவர் மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே வாரக்கணக்கில் ஈரம் இருக்கும். ஈரமானி இருந்தால் மரச்சட்டத்தில் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை மூடவோ வண்ணம் பூசவோ கூடாது. “சீக்கிரம் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்” என்று வீட்டுக்காரரே கேட்பார். ஏன் முடியாது என்று பொறுமையாக விளக்குங்கள். ஈரத்தின் மேல் அடித்த பெயின்டுக்குப் பின்னால் பூஞ்சை வளர்ந்து, சில மாதத்தில் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் வரலாம்.

மின்விசிறிக்கு ஜெனரேட்டர் வைத்தால் அது வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, திறந்த வெளியில் இருக்க வேண்டும். தாழ்வாரத்திலும் வேண்டாம், ஜன்னலுக்கு அருகிலும் வேண்டாம். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, வாந்தி என்று ஒருவர் சொன்னால் வெயில் என்று நினைக்காமல் எல்லோரும் வெளியே வாருங்கள்.

10. வேலைக்கு நடுவே உங்களைப் பார்த்துக்கொள்வது

வெயிலில் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பைத் தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஆளுக்கு ஆள் பார்த்துக்கொள்ள இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். வெயிலில் தடுமாறுபவருக்குத் தான் தடுமாறுவது தெரியாது. பேச்சு குழறினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து, மருத்துவ உதவிக்குச் சொல்லிவிட வேண்டும்.

சின்னக் கீறல் என்றாலும் வேலையை நிறுத்தி, சோப்புப் போட்டுச் சுத்தமான தண்ணீரில் கழுவி, நீர் புகாத கட்டுப் போட்ட பிறகே தொடருங்கள். சாப்பிடும் முன் கையுறையைக் கழற்றிக் கையைச் சோப்பால் கழுவுங்கள். குழுவில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டு நாளில் பாதிக் குழு படுத்துவிடும்.

11. கிளம்பும் முன்

நீங்கள் பாதியில்தான் கிளம்புவீர்கள், அது இயல்பு. அடுத்து வரும் குழு தொடக்கத்திலிருந்து தொடங்காமல் இருக்க ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்: எந்த அறை எதுவரை முடிந்தது, பிளீச் அடித்த தேதி, ஈரமானி காட்டிய எண், வீட்டுக்காரர் தொடக் கூடாது என்று சொன்ன பொருட்கள், இன்னும் கிடைக்காமல் அவர் தேடிக்கொண்டிருப்பது. ஒரு படி பொறுப்பாளருக்கு, ஒரு படி வீட்டுக்காரருக்கு.

“மறுபடி வருவேன்” என்று சொல்லாதீர்கள், தேதி கையில் இருந்தால் தவிர. அவரிடமிருந்து பணமோ பொருளோ வாங்காதீர்கள். அவர் பிரியமாக ஒரு டம்ளர் தேநீர் கொடுத்தால் உட்கார்ந்து குடியுங்கள், மறுக்காதீர்கள். பல நாளாக வாங்கிக்கொண்டே இருப்பவருக்கு, கொடுப்பதற்கு ஒன்று கிடைத்திருக்கிறது.

12. வீட்டுக்கு வந்த பிறகு

பூட்ஸையும் கருவிகளையும் வெளியிலேயே கழுவிப் பிளீச் கரைசலில் துடையுங்கள். வேலைத்துணியைத் தனியாகச் சுடுநீரில் துவையுங்கள்.

எலிக்காய்ச்சலின் அறிகுறி சேற்றில் இறங்கி இரண்டு நாளிலும் வரலாம், நான்கு வாரம் கழித்தும் வரலாம். அதற்குள் நீங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள், எல்லாம் மறந்திருக்கும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, தலைவலி வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் படுக்காமல், “வெள்ளச் சேற்றில் வேலை செய்தேன்” என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் அதை யோசிக்கக் காரணமே இருக்காது. உங்களோடு வந்தவர்களுக்கும் அன்றே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

தூக்கம் வராமல் அந்த வீடுகளே கண்முன் வந்துகொண்டிருந்தால், முதலில் கூட வந்தவர்களிடம் பேசுங்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. இரண்டு மூன்று வாரம் தாண்டியும் குறையவில்லை என்றால் கல்லூரி ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். எங்கள் பன்னிரண்டு பேரில் இருவர் போனார்கள். அடுத்த விடுமுறைக்கு முதலில் பெயர் கொடுத்தவர்களும் அவர்கள்தான்.